மண்ணில் நிற்கும் நினைவு, சட்டையில் ஏறும் நினைவு

போர்ட் பிளேரில், அதாவது 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட ஊரில், கடலோரமாக இருக்கும் ராஜீவ் காந்தி நீர் விளையாட்டு வளாகத்துக்குள் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1859 மே மாதம் இங்குள்ள அபர்தீனில் பிரிட்டிஷாரின் துப்பாக்கிகளுக்கு முன்னால் வில்லும் அம்புமாக வந்து மடிந்த அந்தமான் பழங்குடியினருக்காக எழுப்பப்பட்டது அது. படகு விடவும் நீர் ஸ்கூட்டர் ஓட்டவும் வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். அதே ஊரின் நேதாஜி ஸ்டேடியம் அந்தக் காலத்தில் ஜிம்கானா மைதானம். 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் மூவண்ணக் கொடி ஏற்றியது அங்கேதான். ஆட்டமும் நினைவும் இப்படி ஒரே மண்ணில் கிடக்கும் ஊரில் நின்றுகொண்டு, விளையாட்டில் நினைவேந்தலுக்கு வேலையே இல்லை என்று யாராலும் சொல்லிவிட முடியாது. நானும் அப்படிச் சொல்லவில்லை. என் கேள்வி வேறு: மண்ணில் நிற்கும் நினைவை வீரனின் சட்டையில் ஏற்றும்போது என்ன நடக்கிறது?

மைதானத்துக்கு நேதாஜியின் பெயர் இருப்பதால் அங்கே பந்தை உதைக்கிறவன் எதற்கும் உறுதிமொழி கொடுத்ததாக ஆகாது. அவன் நேதாஜியைப் போற்றலாம், அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். தொப்பியிலோ கையுறையிலோ சட்டைக் காலரிலோ ஏறும் சின்னம் அப்படிப்பட்டதல்ல. அணிந்தவன் அதைத் தன் வாயால் சொன்னதாகவே உலகம் எடுத்துக்கொள்கிறது. அணியாதவன் ஏன் அணியவில்லை என்று விளக்கம் சொல்லக் கடன்பட்டவன் ஆகிறான்.

2019 மார்ச் 8, ராஞ்சி. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஒருநாள் ஆட்டம். பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டு அப்போதுதான் மூன்று வாரம் முடிந்திருந்தது. பிராந்திய ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னலாக இருந்த தோனி சக வீரர்களுக்கு ராணுவச் சீருடைத் தொப்பிகளை வழங்கினார். அன்றைய ஆட்டச் சம்பளம் தேசிய பாதுகாப்பு நிதிக்குப் போனது. பாகிஸ்தான் எதிர்ப்புத் தெரிவித்தது. முன்கூட்டியே அனுமதி கேட்கப்பட்டது, நிதி திரட்டவும் இறந்தவர்களை நினைவுகூரவும்தான் அனுமதித்தோம் என்று ஐ.சி.சி. சொன்னது.

இதில் இருக்கும் நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சிறியதல்ல. கொல்லப்பட்டவர்களின் வீடுகளில் அன்று தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு, தங்கள் பிள்ளையைக் கோலி மறக்கவில்லை என்பது ஆறுதலாக இருந்திருக்கும். நாடாளுமன்றத்தில் வாசிக்கும் இரங்கல் தீர்மானம் போய்ச் சேராத இடங்களுக்குக் கிரிக்கெட் போய்ச் சேரும். அந்த வீச்சின் முழு அளவை 2005 ஜனவரி 10 அன்று மெல்போர்னில் பார்த்தோம். சுனாமிக்குப் பதினைந்தே நாளில் கங்குலி தலைமையில் ஆசிய அணியும் பாண்டிங் தலைமையில் உலக அணியும் மோதின. பாண்டிங் சதமடித்தார், உலக அணி 112 ரன்னில் வென்றது. ஒரே நாளில் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் நிவாரண நிதி திரண்டது. அடுத்த மாதம் பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் ரொனால்டினோ அணியும் ஷெவ்சென்கோ அணியும் அதே காரணத்துக்காகக் கால்பந்து ஆடின. விளையாட்டு துக்கத்தில் பங்கெடுத்தால் எவ்வளவு பெரிதாகப் பங்கெடுக்க முடியும் என்பதற்கு இவை சாட்சி.

ஆனால் மெல்போர்னுக்கும் ராஞ்சிக்கும் நடுவில் ஒரு வேறுபாடு இருக்கிறது. கடல் கொண்டுபோனவர்களுக்கு எதிரி யாரும் இல்லை. ராஞ்சியில் தலையில் ஏறியது இறந்தவர்களின் சின்னம் கிடையாது. அது ராணுவத்தின் உடை. இறந்தவர்களோ ராணுவத்தினர்கூட அல்லர், துணை ராணுவப் படையினர். அந்த வாரங்களில் எல்லையில் விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. அந்தத் தொப்பியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அழுதார்கள், எத்தனை பேர் ஆர்ப்பரித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. துக்கத்துக்கும் போர் முழக்கத்துக்கும் ஒரே துணியைத் தைத்துக் கொடுத்தால் சத்தமாக இருப்பதுதான் அதை எடுத்து உடுத்திக்கொள்ளும்.

மூன்று மாதம் கழித்து உலகக் கோப்பையில் அதே தோனியின் கையுறையில் சிறப்புப் படையின் பலிதான் சின்னம் இருந்தது. ஜூன் 5, சவுத்தாம்ப்டன், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஆட்டம். இம்முறை ஐ.சி.சி. கழற்றச் சொன்னது. கிரிக்கெட் வாரியம் கேட்டும் அனுமதி கிடைக்கவில்லை. தொப்பிக்குச் சரி, கையுறைக்குத் தவறு. நிதி திரட்டல் என்ற பெயர் ஒட்டியிருந்தால் வாசல் திறக்கிறது, ஒட்டாவிட்டால் மூடிக்கொள்கிறது. இது நினைவைப் பற்றிய விதியாக எனக்குப் படவில்லை.

இதே சவுத்தாம்ப்டனில் 2014 ஜூலையில், இந்தியாவுக்கு எதிரான டெஸ்டில், இங்கிலாந்தின் மொயீன் அலி காசாவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் ஆதரவான வாசகங்கள் எழுதிய கைப்பட்டைகளோடு பேட் செய்தார். கழற்றும்படி உத்தரவு வந்தது. அதே ஆட்டத்தில் இங்கிலாந்து வீரர்களின் காலரில் காயமுற்ற படையினருக்கு உதவும் ஓர் அறக்கட்டளையின் இலச்சினை இருந்தது. அதற்குத் தடை இல்லை. ஒரே அணி, ஒரே நாள், இரண்டு துக்கம். வாரியம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த துக்கம் மனிதநேயம் ஆனது, தனியாள் கொண்டுவந்த துக்கம் அரசியல் ஆனது.

ராஞ்சியில் அந்தத் தொப்பிகளுக்கு நடுவே நின்று 104 ரன் அடித்தவர் இஸ்லாமாபாதில் பிறந்த ஆஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜா. 2023 டிசம்பரில் பெர்த் டெஸ்டில், எல்லா உயிர்களும் சமம் என்று ஷூவில் எழுதியிருந்ததை அணியக் கூடாது என்று ஐ.சி.சி. தடுத்தபோது, அவர் வெறும் கறுப்புப் பட்டை கட்டி ஆடினார். அதற்கும் கண்டிப்பு வந்தது, முன் அனுமதி வாங்கவில்லை என்று. புறாவும் ஒலிவக் கிளையும் உள்ள சின்னத்துக்கு அனுமதி கேட்டார், அதையும் மறுத்தார்கள். கறுப்புப் பட்டையில் ஓர் எழுத்துகூட இல்லை. இறந்தவர்களுக்காக வருந்துகிறேன் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. அதைக் கட்ட மனு போட வேண்டும் என்றால், துக்கத்துக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகமாக ஐ.சி.சி. தன்னை ஆக்கிக்கொள்கிறது.

கால்பந்தில் இதே வழக்கு பாப்பி மலரை வைத்து நடந்தது. முதல் உலகப் போரில் மாண்டவர்களின் நினைவாகத் தொடங்கி, நவம்பர் 11-ஐ ஒட்டிப் பிரிட்டனில் அணியும் சிவப்பு மலர் அது. 2016-இல் அதே தேதியில் வெம்பிளியில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. ஃபிஃபா மறுத்தும் இரு அணியும் மலர் பதித்த கைப்பட்டையோடு ஆடின. இங்கிலாந்துக்கு 45,000 சுவிஸ் பிராங்க் அபராதம். பிரிட்டனில் பலருக்கு இது அக்கிரமமாகப் பட்டது. ஆனால் வட அயர்லாந்தின் டெர்ரியில் பிறந்த ஜேம்ஸ் மெக்ளீன் என்ற ஆட்டக்காரருக்கு அந்த மலர் வேறு மாதிரித் தெரிந்தது. 1972-இல் பிரிட்டிஷ் படையினர் அவர் ஊரில் நிராயுதபாணிகளைச் சுட்டுக் கொன்றார்கள். உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டுமான மலர் என்றால் அணிவேன், பிறகு நடந்த எல்லாச் சண்டைகளுக்கும் சேர்த்து என்பதால் அணியமாட்டேன் என்று 2014-இல் தன் கிளப் தலைவருக்கு அவர் கடிதம் எழுதினார். ஆண்டுதோறும் நவம்பரில் மைதானமே அவரை நோக்கிக் கூச்சலிட்டது. அணியும் உரிமை, அணிய வேண்டிய கட்டாயமாக மாறிப்போவதற்கு அவரைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

நமக்கு அருகிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1930-களில் இலங்கையில், பாப்பி விற்ற பணம் பிரிட்டிஷ் படையினருக்கே போகிறது என்று எதிர்த்து, அதே நாளில் பூவரசம் பூவை விற்ற சூரியமல் இயக்கம் எழுந்தது. அதில் பழகிய இளைஞர்கள்தான் பின்னர் லங்கா சம சமாஜக் கட்சியைத் தொடங்கியவர்கள். ஒரு மலர் ஒருவருக்குக் கண்ணீர், இன்னொருவருக்குக் காலனி ஆட்சி.

ஆனால் பாப்பி விவகாரத்தின் முடிவை நான் தள்ளிவிட மாட்டேன். 2017-இல் விதி திருத்தப்பட்டது. எதிரணியும் போட்டி நடத்துகிறவர்களும் ஒப்புக்கொண்டால் அணியலாம். அந்த நவம்பரில் வெம்பிளிக்கு வந்தது ஜெர்மனி. எந்த நாட்டோடு சண்டையிட்டு அந்த மலருக்குரியவர்கள் மாண்டார்களோ, அந்த நாட்டின் ஆட்டக்காரர்களும் மலர் பதித்த கறுப்புப் பட்டையை அணிந்தார்கள். இதுவரை நான் பார்த்த எடுத்துக்காட்டுகளில் சிறந்தது இதுதான். எதிரே நிற்பவனும் அணியக்கூடிய சின்னமா என்று கேட்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ராஞ்சித் தொப்பி இந்தக் கேள்வியில் தோற்கும். 2025 செப்டம்பரில் துபாயில் பாகிஸ்தானுக்கு எதிரான வெற்றியை ராணுவத்துக்கு அர்ப்பணித்த சூர்யகுமார் யாதவின் பேச்சும் தோற்கும். அதற்காக அவருக்கு ஆட்டச் சம்பளத்தில் 30 சதவீதம் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில், பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட மறுநாள், ஐ.பி.எல். ஆட்டத்தில் இரு அணிகளும் கறுப்புப் பட்டை கட்டி, வாணவேடிக்கையை நிறுத்தி, மௌனமாக நின்றன. அது எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்டக்காரனும் கட்டக்கூடிய பட்டை.

இதை அந்தமான் மண்ணில் வைத்துப் பார்த்தால் இன்னும் கூர்மையாகிறது. போஸ் கொடியேற்றிய நாளில் டாக்டர் திவான் சிங் செல்லுலார் சிறையில் இருந்தார். இந்திய சுதந்திரச் சங்கத்தின் உள்ளூர்த் தலைவராக இருந்தவர்தான். அப்போது அந்தமானைப் பிடித்துவைத்திருந்த ஜப்பானியர் அவரை உளவாளி என்று பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். அதே மாதம் 30-ஆம் தேதி ஹம்ஃப்ரீகஞ்சில் 44 இந்தியர்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். கொடியேறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நேதாஜி ஸ்டேடியத்தில் நிற்கும் பெருமிதமும் ஹம்ஃப்ரீகஞ்ச் நினைவிடத்தில் நிற்கும் துயரமும் ஒரே குளிர்காலத்துப் பிள்ளைகள். இரண்டுமே உண்மை. மண்ணில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. நாளைக்கு மூன்றாவதாக ஒரு கல் நடலாம். ஆட்டக்காரனின் சட்டையில் ஒரு சின்னத்துக்குத்தான் இடம் உண்டு. அதை யார் தேர்ந்தெடுப்பது? பதவியில் இருக்கிறவர்கள்தான். எந்தத் துயரத்துக்கு வாரியம் இல்லையோ அது சட்டையில் ஏறாது.

இதைக் கேட்டதும், உடலில் எதுவுமே வேண்டாம் என்று ஒரேயடியாகத் தடை போடத் தோன்றும். அங்கேதான் நான் விலகுகிறேன். 2003 பிப்ரவரியில் ஹராரேயில் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலாங்காவும் ஜிம்பாப்வேயில் ஜனநாயகம் செத்ததற்காகக் கறுப்புப் பட்டை கட்டி இறங்கினார்கள். அவர்களுக்கு மைதானமும் சொந்தமில்லை, வாரியமும் பின்னால் இல்லை. இருந்தது இரண்டு கைகள். மண்ணில் கல் நட வசதியில்லாதவனுக்கு உடம்புதான் மிச்சம். தடை போட்டால் அரசுகள் எதையும் இழக்காது, அவற்றுக்குக் கொடியேற்றமும் ராணுவ அணிவகுப்பும் தேசிய கீதமும் இருக்கின்றன. தடையால் ஒலாங்கா மாதிரியானவர்கள்தான் வாயடைக்கப்படுவார்கள்.

எனவே நான் கோடு போடும் இடம் இது. எழுத்தோ படைச் சின்னமோ இல்லாத கறுப்புப் பட்டையை எந்த ஆட்டக்காரரும் யாரிடமும் கேட்காமல் கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம். அமைப்புகளின் இலச்சினை ஏற வேண்டுமென்றால் எதிரணியின் சம்மதம் வேண்டும். படைச் சீருடை எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். நிதி திரட்டுவது நல்ல செயல், அதற்குத் தொப்பி தேவையில்லை. இப்படிச் செய்தாலும் குறை இருக்கும். யாருக்காகக் கட்டினாய் என்ற கேள்வியை எந்த விதியாலும் நிறுத்த முடியாது. சொல்ல மறுக்கும் உரிமையையாவது கொடுக்கலாம்.

அந்த உரிமை எங்கள் தீவுப் பிள்ளைகளுக்கே கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம். கார் நிக்கோபாரின் டெபோரா ஹெரால்டு சுனாமியில் தப்பியபோது ஒன்பது வயதுச் சிறுமி. பிறகு சைக்கிள் பந்தயத்தில் 500 மீட்டர் பிரிவில் உலகின் முன்னணி வரிசையில் இடம்பிடித்தார். ஈசோ ஆல்பன் 2018-இல் சுவிட்சர்லாந்தில் உலக ஜூனியர் போட்டியின் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். எந்தச் சின்னமும் அணியாமலே, அலையில் தப்பிய பிள்ளைகள் என்ற அடையாளத்தை மெயின்லேண்டின் செய்தித்தாள்கள் அவர்கள்மீது ஏற்றிவிட்டன. என்ன கியரில் ஓட்டினார், கடைசிச் சுற்றில் எப்படி முந்தினார் என்பதைவிட, மரத்தில் எப்படித் தொங்கினார் என்பதே தலைப்பாகிறது. நினைவை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கார் நிக்கோபாரிலும், இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்கள் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய கச்சாலிலும் கடல் ஏறியபோது, மெல்போர்னில் ஆஸ்திரேலியாவும் பாகிஸ்தானும் டெஸ்டின் முதல் நாளை ஆடிக்கொண்டிருந்தன. ஆண்டுதோறும் அதே தேதியில் அங்கே டெஸ்ட் தொடங்குகிறது. இருபதாம் ஆண்டான 2024-இல் அங்கே ஆடியது இந்தியா. அன்றிரவு மன்மோகன் சிங் மறைந்தார், மறுநாள் காலையில் இந்திய வீரர்கள் கறுப்புப் பட்டையோடு இறங்கினார்கள். கையில் ஒரு பட்டை கட்ட ஓர் இரவு போதும் என்பது அதில் தெரிந்தது. நாகப்பட்டினம், முல்லைத்தீவு, கச்சால், ஆச்சே ஆகிய கரைகளில் மாண்டவர்களை நினைத்து அந்தத் தேதியில் விரும்புகிற எந்த நாட்டு ஆட்டக்காரரும் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டட்டும். எதிரணி மறுப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.