உருவகமும் விசுவாச விதியும்: அகுஸ்தீனாரின் அளவுகோல் பற்றிய ஒரு நோக்கு

வேதாகமத் தொடரொன்றை நேர்ப்பொருளிற் கொள்வதா, உருவகமாகக் கொள்வதா என்பதை எதனைக் கொண்டு துணிவது? ஆதித் திருச்சபையின் உரைகாரரை வருத்திய இவ்வினாவுக்கு ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார் 'கிறிஸ்தவப் போதனை பற்றி' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் விடை பகர்கின்றார். நல்லொழுக்கத்தோடோ மெய்விசுவாசத்தோடோ நேர்ப்பொருளிற் பொருத்தவியலாதது யாதும் உருவகமே என்பது அவர் விதி. மானிட மகனின் சதையைப் புசித்து இரத்தத்தைப் பானம்பண்ணுமாறு யோவான் நற்செய்தியில் வரும் கூற்று, எழுத்தின்படி கொடுஞ்செயலை ஏவுவதாகத் தோன்றுவதால், உருவகமே என்கின்றார். (பிற்கால நற்கருணைச் சர்ச்சைகளில் இவ்விளக்கம் எடுத்தாளப்பட்டமை வேறு கதை.)

இவ்விதியின்படி உருவகத்தை இனங்காட்டுவது சொல்லமைதியன்று. வாசகன் முன்னரே ஏற்றுக்கொண்ட கோட்பாடே. எனவே நூல் வாசகனைத் திருத்துவதற்குப் பதிலாக வாசகனின் கோட்பாடு நூலைத் திருத்தும் அபாயம் உண்டு. அகுஸ்தீனார் இதனை அறியாதவரல்லர். தத்தம் நாட்டு வழக்கத்துக்கு ஒவ்வாததையெல்லாம் உருவகமெனத் தள்ளுவோரை அவரே கண்டிக்கின்றார். வழக்கத்துக்குப் பதிலாக அன்பை அளவுகோலாக்குகின்றார். ஆயின் எது அன்பு எனத் தீர்மானிப்பவர் யார் என்ற வினா எஞ்சுகின்றது. அந்தியோக்கிய மரபினரான மொப்சுவெஸ்தியாவின் தியோடோர், வரலாற்றைக் கரைத்துவிடும் உருவக உரைகளைக் கடிந்ததன் நியாயம் இங்கேதான் புலப்படும்.

396ஆம் ஆண்டளவில் தொடங்கிய இந்நூலை மூன்றாம் பகுதியின் நடுவிலே நிறுத்திய அகுஸ்தீனார், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னரே அதனை நிறைவுசெய்தார். அப்போது அவர் துணைக்கழைத்தது திக்கோனியஸ் வகுத்த ஏழு விதிகளை. திக்கோனியஸோ அவர் வாழ்நாளெல்லாம் எதிர்த்த டொனாத்தியப் பிரிவினர்! எச்சரிக்கையுடனேனும் அவரைப் பாராட்டியமை அகுஸ்தீனாரின் நேர்மைக்குச் சான்று. காலம் பற்றிய விதியொன்று, பகுதியால் முழுமையைச் சுட்டும் வழக்கைக் கொண்டு, அடக்கத்துக்கும் உயிர்ப்புக்கும் இடைப்பட்ட மூன்று நாட் கணக்கை விளக்குகின்றது. நம் இலக்கணத்தாரின் சினையாகுபெயரை ஒத்த இவ்வழி மொழியிலிருந்தே புறப்படுகின்றது. விசுவாச விதியைவிட இதுவே திறனாய்வுக்கு அண்மையது என்பது எமது கருத்து.

எனினும் அவரது இலக்கிய உணர்வு மெய்யாக வெளிப்படுவது இரண்டாம் பகுதியிலேயாம். உன்னதப்பாட்டு தலைவியின் பற்களை, மயிர் கத்தரித்துக் குளித்தேறிய ஆட்டுமந்தைக்கு ஒப்பிடுகின்றது. அதனைத் திருச்சபையின் புனிதர் மீது ஏற்றிப் பொருளுரைத்த பின், அதே கருத்தை வெளிப்படையாகக் கேட்பதிலும் இவ்வுவமையிற் கேட்பது இனிப்பதேன் எனத் தம்மையே வினவுகின்றார். விடை கூறல் அரிதென விடுகின்றார். கோட்பாட்டைப் பிழிந்தெடுத்த பின்னும் எஞ்சிநிற்கும் அவ்வின்பத்துக்கு மூன்றாம் பகுதியின் விதியில் இடமில்லை.