உயில் என்கிற பிரதி

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று விமர்சனத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உயிலில் மட்டும் ஆசிரியர் செத்த பிறகுதான் பேசவே ஆரம்பிக்கிறார்.

இங்கிலாந்தில் 2004இல் இறந்த ஒரு தாய், சுமார் 4,86,000 பவுண்டு சொத்தில் பெரும்பகுதியை விலங்கு, பறவைகளுக்கான அறக்கட்டளைகளுக்கு எழுதிவைத்தார். 1978இல், 17 வயதில் காதலனோடு போய்விட்ட ஒரே மகளுக்கு ஒன்றுமில்லை. காரணத்தைத் தனிக் கடிதமாகவும் எழுதிவைத்தார். 1975ஆம் வருடச் சட்டப்படி மகள் வழக்குப் போட்டார். முதலில் 50,000; 2015இல் மேல்முறையீட்டில் 1,43,000; 2017இல் உச்ச நீதிமன்றம் மறுபடி 50,000 என்றது.

தொகையைவிட, மகள் எந்த மொழியில் பேச அனுமதிக்கப்பட்டார் என்பதே எனக்கு முக்கியம். வளர்ந்த பிள்ளைக்கு அச்சட்டம் தருவது பிழைப்புக்கான ஏற்பாடு மட்டும். 'எனக்கு அநியாயம் நடந்தது' என்றால் போதாது. 'சோத்துக்கு வழியில்லை' என்றால்தான் காதில் விழும்.

நம்ம ஊரில் கல்யாணமாகிப் போன மகளுக்கு அந்தக் கதவும் இல்லை. 1989இன் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005இன் மத்தியத் திருத்தமும் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தன. ஆனால் அப்பாவின் சுயசம்பாத்தியத்தை, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, முழுக்க மகனுக்கே உயில் எழுதலாம். மகள் கோர்ட்டுக்குப் போனால் கையெழுத்து பொய், புத்தி சுவாதீனமில்லை, மிரட்டி வாங்கிட்டாங்க என்றுதான் வாதாட முடியும். அங்கே அவள் ஏழை என்று நிரூபிக்க வேண்டும். இங்கே அப்பாவைப் பைத்தியமாக்க வேண்டும்.

உயில் எழுதும் சுதந்திரத்தைத் தனிமனித உரிமையாக மட்டும் வாசிக்கிற தோழர்கள், அது யார் கையில், யாரைத் தண்டிக்கிறது என்றும் வாசிக்கட்டும்.