மறுப்புக்கு மறுப்பு: வளைகுடாவின் வேலையிழப்புக் காப்புறுதியும் மேன்முறையீடும்

வளைகுடாவில் வேலையிழப்புக் காப்புறுதி என்று ஒன்று இருக்கிறது என்று சொன்னால், ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ள நண்பர்கள் முதலில் சிரிக்கிறார்கள். விளக்கிச் சொன்னபின், "அது வெறும் கண்துடைப்பு, அதில் சீர்திருத்தம் கேட்பது அந்த அமைப்பையே ஏற்றுக்கொள்வதாகிவிடும்" என்கிறார்கள். சிரிப்பை விட்டுவிடலாம். இந்த இரண்டாவது வாதத்தோடுதான் எனக்குச் சண்டை.

முசஃபாவின் சனையாவில் இரும்பு வேலைத்தளம் ஒன்றில் வெல்டராக இருந்த ஒரு தம்பி, மட்டக்களப்புப் பக்கத்தவன், சில காலத்துக்கு முன் என் அறைக்கு ஒரு தாளோடு வந்தான். "சேர், இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். வேலை குறைந்துவிட்டது என்று கம்பனி எட்டுப் பேரை நிறுத்தியிருந்தது. சம்பளப் பாக்கி, பணிக்கொடை, விமானச் சீட்டு எல்லாம் கொடுத்திருந்தார்கள். கொடுக்குமுன் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வேலை முடிந்ததற்கான காரணம் என்ற கட்டத்தில் 'இராஜினாமா' என்று இருந்தது. காப்புறுதிப் பணம் கேட்டு அவன் அனுப்பிய விண்ணப்பம் அந்த ஒரு சொல்லால் மறுக்கப்பட்டிருந்தது. விதிப்படி பார்த்தால் மறுப்பு சரி. பொய்யானது அந்தச் சொல்தான்.

நண்பர்களுக்காகத் திட்டத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கூட்டாட்சி ஆணைச் சட்டத்தின்படி, 2023 ஜனவரி 1 முதல் ஐக்கிய அரபு அமீரகத்தில் இது நடைமுறையில் உள்ளது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹமோ அதற்குக் குறைவோ என்றால் மாதம் 5 திர்ஹம் சந்தா, மேலென்றால் 10. வேலை போனால், கடைசி ஆறு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் 60 வீதம், ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூன்று மாதம் கிடைக்கும். பன்னிரண்டு மாதம் தொடர்ச்சியாகச் சந்தா கட்டியிருக்க வேண்டும். இராஜினாமாச் செய்தவருக்கும் ஒழுக்காற்று நடவடிக்கையால் நீக்கப்பட்டவருக்கும் இல்லை. முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சேராதவருக்கு 400 திர்ஹம் அபராதம். எங்கள் வகுப்பாருக்கு அது ஆறரை ஆண்டுச் சந்தாவுக்கு மேல். வீட்டுப் பணியாளருக்கு இத்திட்டம் இல்லை. ஆகவே எமது நாட்டுப் பெண்களில் பெரும்பாலானோர் செய்யும் வேலை வாசலிலேயே நின்றுவிடுகிறது. அவர்களுக்கு மறுப்புக்கூடக் கிடைக்காது.

அடிப்படைச் சம்பளம் 1,000 திர்ஹம் உள்ளவருக்கு மாதம் 600, மூன்று மாதத்துக்கு 1,800. ரொறன்ரோவில் இருப்பவருக்கு இது ஒரு வாரச் செலவாக இருக்கலாம். இங்கே அதுதான் இன்னொரு வேலை தேடும்வரை தாக்குப்பிடிப்பதற்கும், முகவருக்குக் கட்டிய கடனோடு ஊர் திரும்புவதற்கும் இடையிலுள்ள தூரம். இதைக் கண்துடைப்பு என்பவர்கள் யாருடைய கண்ணால் பார்க்கிறார்கள்?

முறையிட வழியே இல்லை என்று சொன்னால் அது பொய். அமைச்சுக்கு முறைப்பாடு செய்யலாம். மத்திய வங்கியின் கீழ் 2023இல் தொடங்கிய 'சனதக்' என்ற குறைதீர் அமைப்பு, வங்கிகள் மீதும் காப்புறுதிக் கம்பனிகள் மீதும் வரும் முறைப்பாடுகளைக் கேட்கிறது. ஆனால் முதலில் கம்பனியிடமே முறையிட்டிருக்க வேண்டும். தொழில் தகராறுகளில் 2024 முதல் 50,000 திர்ஹம்வரை அமைச்சே தீர்ப்புச் சொல்லலாம்; ஏற்காதவர் பதினைந்து வேலைநாளுக்குள் நீதிமன்றம் போகலாம். 1,00,000 திர்ஹம்வரையான தொழிலாளர் வழக்குகளுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. பல நாடுகளில் இந்தளவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிக்கல் வேறிடத்தில். தம்பியின் பிணக்கு காப்புறுதிக் கம்பனியோடு அல்ல. அது தனக்கு வந்த பதிவைத்தான் வாசித்தது. தொழில் தகராறு என்று போனால் நிலுவை எவ்வளவு என்ற கேள்வி வரும். அவனுக்கு நிலுவை எதுவும் இல்லை. ஒரு சொல் பொய் என்பதுதான் அவனுடைய முழு வழக்கும். அந்தச் சொல்லை எழுதியவர் முதலாளி. அதனால் பாதிக்கப்படுபவர் தொழிலாளி. அதை வைத்து முடிவெடுப்பது மூன்றாவது ஆள். மறுபக்கத்தையும் கேள் என்ற இயற்கை நீதிக் கோட்பாட்டைப் பற்றி ஒரு காலத்தில் விரிவுரை மண்டபத்தில் இரண்டு மணித்தியாலம் பேசுவேன். அந்த மறுபக்கம் ஒரு படிவத்தில் ஒரு சிறு கட்டமாக இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

இதற்கு மேல் நாட்கணக்கு. வேலை இரத்தானால் வதிவிடமும் இரத்து. அதன்பின் தங்கக்கூடிய கால அவகாசம் 2022க்குப் பின் பெரிய பதவிக்காரருக்கு ஆறு மாதம்வரைகூட நீள்கிறது. வெல்டருக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. நாட்டைவிட்டு வெளியேறினால் கொடுப்பனவும் நின்றுவிடும். ஆக, மேன்முறையீட்டு உரிமை என்பது இங்கே தங்கியிருப்பவனின் உரிமை. தங்குவதற்கோ வேலை வேண்டும். பஹ்ரெய்ன் இதே முடிச்சில் நெடுங்காலம் நிற்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே வெளிநாட்டுத் தொழிலாளியின் சம்பளத்திலும் ஒரு வீதம் கழிக்கப்படுகிறது. வேலை போனவுடன் வதிவிடமும் போகிறவனுக்கு அதனால் ஆகப்போவது என்ன?

இனி, உங்கள் நாடுகள். கனடாவில் 2013 ஏப்ரல்வரை வேலைக் காப்புறுதி மறுப்புக்கு எதிராக மூவர் கொண்ட நடுவர் சபையிடம் போகலாம்: தலைவர் ஒருவர், முதலாளிமார் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர். 2012இன் வரவு செலவுச் சட்டத்தோடு ஒட்டி அதைக் கலைத்து, சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்தைக் கொண்டுவந்தார்கள். மூவருக்குப் பதில் ஒருவர். பல வழக்குகளில் நேர்முகத்துக்குப் பதில் தொலைபேசி. செலவு குறையும் என்றார்கள். தாமதமும் குழப்பமும்தான் அதிகரித்தன என்று தொழிற்சங்கங்கள் விடாமல் எழுதின. 2019இல் அரசே இறங்கிவந்து, முத்தரப்புச் சபையைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது, 2023இல் சட்டமாயிற்று. ஜேர்மனியின் சமூக நீதிமன்றத்தில் தொழில்முறை நீதிபதியோடு இரு கௌரவ நீதிபதிகள் அமர்கிறார்கள். காப்புறுதி வழக்குகளில் ஒருவர் காப்புறுதி பெற்றோர் தரப்பு, மற்றவர் முதலாளி தரப்பு. காப்புறுதி பெற்றவருக்கு நீதிமன்றக் கட்டணமும் இல்லை.

தொழிற்சாலைத் தளம் எப்படி நடக்கிறது என்று அறிந்த ஒருவர் மேசைக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பதே இவற்றின் சாரம். 'இராஜினாமா' என்ற சொல் எப்படி வாங்கப்படுகிறது என்பது சட்டப் புத்தகத்தில் இல்லை. எட்டுப் பேர் ஒரே நாளில் இராஜினாமாச் செய்தார்கள் என்றால் அவர் சிரித்துவிடுவார். எமது நாட்டின் தொழில் நியாயசபையும், எத்தனையோ குறைகளோடு, இந்த அறிவில்தான் பிறந்தது. தொழிலாளி தானே போகலாம், அல்லது தொழிற்சங்கம் அவனுக்காகப் போகலாம். நியாயமும் ஒப்புரவுமான கட்டளையை வழங்குவதே அதன் கடமை.

இங்கே தொழிற்சங்கம் இல்லை. அப்படியானால் முத்தரப்புச் சபை பற்றிப் பேசுவது வீண் என்று நண்பர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. ஆனால் சங்கம் வரும்வரை மற்றெல்லாம் காத்திருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது. வேலை முடிந்த காரணத்தைப் பதிவுசெய்யும் அந்தக் கணத்திலேயே, தொழிலாளியின் கைத்தொலைபேசிக்கு, அவன் மொழியில், 'இப்படி எழுதப்பட்டுள்ளது, சரியா?' என்று கேட்கலாம். இல்லை என்றால் நிரூபிக்கும் பொறுப்பை எழுதியவர் மீது வைக்கலாம். முறைப்பாடு நிலுவையிலிருக்கும்வரை வதிவிட நாட்கணக்கை நிறுத்திவைக்கலாம். 50,000 திர்ஹம் தகராறில் முடிவு சொல்லத் தெரிந்த அமைச்சுக்கு 1,800 திர்ஹம் தகராறில் முடிவு சொல்வது கடினமல்ல. சர்வதேச தொழில் அமைப்பின் 1988ஆம் ஆண்டின் 168ஆம் இலக்கச் சமவாயம், மறுக்கப்பட்டவர் சுயாதீன அமைப்பொன்றிடம் மேன்முறையீடு செய்யவும், தன் விருப்பத்துக்குரிய தகுதியான ஒருவரின் துணையோடு வரவும் உரிமை சொல்கிறது. அமீரகம் அதை ஏற்று ஒப்பமிடவில்லை. ஆனால் துணைக்கு ஒருவர் வருவதற்கு ஒப்பம் தேவையா என்ன?

புலம்பெயர்ந்த எங்கள் எழுத்தில் வளைகுடாத் தொழிலாளி இரக்கத்துக்குரியவனாக மட்டுமே வருகிறான். அகதிக்கு மேன்முறையீடு என்றால் என்னவென்று உங்களைவிடத் தெரிந்தவர் யார்? முதல் மறுப்பு வந்தபின் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதித் தந்த இரண்டாவது மனுவால்தானே உங்களில் பலர் இன்று அங்கே இருக்கிறீர்கள்! புகலிட மறுப்பை வரிவரியாக வாசிக்கத் தெரிந்த அந்தத் திறமையில் ஒரு பங்கை இந்தப் படிவங்களுக்கும் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தம்பிக்கு நான் எழுதிய மனு இரண்டு பக்கம். பதில் வருமுன் அவனுக்கு நாட்கள் முடிந்தன, போய்விட்டான். அவனுடன் நிறுத்தப்பட்ட ஏழு பேரில் எவரும் மனு எழுதவில்லை. போன கிழமை வேறொரு வேலைத்தளத்திலிருந்து ஒருவர் அதே மாதிரியான தாளோடு வந்தார். இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. காரணம் எழுதும் கட்டத்தை வாசித்துச் சொன்னேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காலையில் அலுவலகத்தில் அதை மாற்றித்தரச் சொல்லிக் கேட்கப்போவதாகச் சொன்னார்.