சயாம் ரயில் படங்களில் தமிழன் எங்கே?

சயாம் ரயில் என்றதும் உலகத்தார் காதில் ஒலிப்பது ஒரு சீழ்க்கைப் பாட்டு. ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் அணிவகுத்து வரும்பொழுது அடிக்கும் சீழ்க்கை அது. மலாயாத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்க்கோ அப்பெயரைக் கேட்டதும் வேறொன்று நினைவில் எழும். லயத்து வாசலில் விடைபெற்று லாரியில் ஏறிப் போனவன் திரும்பி வராத கதை அது. ஒரே ரயில் பாதையைப் பற்றிய இவ்விரு நினைவுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்ப்பதே நம் நோக்கம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலிருந்த தம் படைக்குத் தளவாடம் அனுப்பும் பொருட்டு, சயாமிலுள்ள பான் போங் முதல் பர்மாவிலுள்ள தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் தூரம் காட்டை வெட்டியும் மலையைப் பிளந்தும் அவர்கள் பாதை போட்டனர். 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. இதில் 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் வதைக்கப்பட்டனர்; அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ சுமார் 2 லட்சம் பேர். மலாயாவிலிருந்து சென்றோர் மட்டும் 70,000க்கு மேல். அவர்களிற் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மாண்ட ஆசியரின் தொகையைத் திட்டமாகச் சொல்ல யாராலும் இயலவில்லை. 90,000 அளவில் இருக்கலாம் என்பது ஒரு மதிப்பு. கைதியின் கணக்குத் தலைக்குத் தலை இருக்கிறது. கூலியின் கணக்கு ஆயிரமாயிரமாக ஊகத்தில் இருக்கிறது.

பெருந்திரளாக மக்கள் மாண்ட கதையைப் படமாக்குவது எளிதன்று. நாஜிகள் 60 லட்சம் யூதரைக் கொன்ற கொடுமையைப் பற்றி வந்த படங்களுள் மூன்றை எடுத்துக்கொண்டால் நமக்கோர் அளவுகோல் கிடைக்கும். 1956இல் வெளிவந்த அலன் ரெனேயின் ‘இரவும் மூடுபனியும்’ அரைமணி நேரப் படமேயாயினும், புல் முளைத்துக் கிடக்கும் முகாமை வண்ணத்திலும் பிணக்குவியலைக் கறுப்பு வெள்ளையிலும் காட்டி நம்மை நடுங்க வைக்கிறது. ஆயினும், மாண்டவர் யூதர் என்பதை அதன் உரை மிக அரிதாகவே சொல்கிறது. குளோட் லான்ஸ்மன் 1985இல் வெளியிட்ட ‘ஷோவா’ ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுவது. அதில் பழைய படச்சுருள் ஒன்றேனும் இல்லை. கண்டவரும் பட்டவரும் தம் வாயால் கூறுகின்றனர். யூதரை ஏற்றிய ரயிலை ஓட்டிய டிரைவரும் பேசுகிறான். 1993இல் வந்த ஸ்பீல்பர்க்கின் ‘ஷிண்ட்லரின் பட்டியல்’ படத்தில், தட்டச்சுப் பொறியில் பெயர் பெயராக ஒரு பட்டியல் எழுகிறது. அதில் ஏறிய ஏறத்தாழ 1,100 பேர் பிழைக்கின்றனர். பிழைத்த சிலரின் கதை கொண்டு மாண்ட 60 லட்சம் பேரின் சாவைக் காட்டலாகுமா என்று கேட்டவர் உண்டு; அக்கேள்வி நியாயமே. ஆகவேதான் நாம் ‘ஷோவா’வையே மூன்றனுள் முதலாக வைக்கிறோம்.

யூதப் படுகொலையும் சயாம் ரயிலும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. அங்கே ஓர் இனத்தைப் பூண்டோடு ஒழிப்பது நோக்கம். இங்கே வேலை வாங்குவது நோக்கம்; செய்பவன் செத்தால் இன்னொருவன் வருவான் என்ற எண்ணம். எனினும் படமெடுப்போனிடம் கேட்கவேண்டிய கேள்வி இரண்டிற்கும் பொதுவானது: மாண்டவனை மனிதனாகக் காட்டினாயா, குவியலாகக் காட்டினாயா, அன்றிக் காட்டாமலே விட்டாயா?

டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த ‘குவாய் ஆற்றுப் பாலம்’ ஏழு ஆஸ்கார் பரிசு பெற்றது. படம் என்ற அளவில் அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. அதிகாரி கூலிவேலை செய்யலாகாது என்ற மானத்துக்காகத் தகரக் கூண்டின் வெயிலில் வாடும் கர்னல் நிக்கல்சன், பின்பு பகைவனுக்கே பாலம் கட்டித் தருவதில் பெருமை கொண்டு மதிமயங்குவதை அலெக் கின்னஸ் அருமையாக நடித்திருக்கிறார். ஆனால் உண்மை எங்கே? அங்கிருந்த தளபதி பிலிப் டூசி, தம் ஆட்களின் உயிர் காக்கப் பாடுபட்டவர். படத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்படும் பாலம், உண்மையில் 1945இல் விமானக் குண்டுகளுக்கே இலக்காயிற்று. ஜப்பானிய எஞ்சினியர் பாலம் கட்டத் தெரியாதவர் என்பதும் கட்டுக்கதையே. வாந்திபேதி முகாம் முகாமாகச் சூறையாடிய 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தின் சாயலும் படத்தில் இல்லை.

இவற்றையெல்லாம் கற்பனைக்குரிய உரிமை என்று விட்டுவிடலாம். விடமுடியாதது ஒன்றுண்டு. அப்படம் பிடிக்கப்பட்ட இடம் இலங்கையில் களனி ஆற்றங்கரையிலுள்ள கித்துல்கல. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறிச் செல்லும் வழி. தோட்டத் தமிழர் லட்சக்கணக்கில் வாழும் நாட்டிலேயே காமிராவை நிறுத்திச் சயாம் ரயிலைப் படமெடுத்தவர்களுக்கு, அந்த ரயிலுக்கு மண் சுமந்த தமிழ்க் கூலி ஒருவனைப் பாத்திரமாக்கத் தோன்றவில்லை! மற்றொன்றையும் கேளுங்கள். உண்மைப் பாலம் நின்ற ஆற்றின் பெயர் மே குளோங். படம் பார்த்துவிட்டுக் குவாய் ஆறு எங்கே என்று வந்து கேட்ட பயணிகளின் பொருட்டு, 1960இல் அதன் ஒரு பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயரே மாற்றப்பட்டது. ஓர் ஆற்றின் பெயரையே மாற்ற வல்லது சினிமா. அதன் கரையில் புதைந்தவனுக்கு ஒரு பெயர் தர அது முன்வரவில்லை.

2013இல் வந்த ‘ரயில்வே மனிதன்’ இதனினும் நேர்மையானது. சிங்கப்பூரில் பிடிபட்டுச் சயாமுக்குச் சென்ற எரிக் லோமாக்ஸ் தம் வாழ்வை எழுதிய நூலிலிருந்து பிறந்தது. களவாகச் செய்த வானொலிப் பெட்டிக்காக அடிபட்டவர், கிழவரான பின்னும் இரவில் அலறுவதையும், அவர் மனைவி அம்மௌனத்தோடு போராடுவதையும் அப்படம் நன்கு காட்டுகிறது. வதையின்போது மொழிபெயர்ப்பாளனாக நின்ற நாகாசே தகாஷியை அவர் 1993இல் நேரில் கண்டு மன்னித்தது உண்மை நிகழ்ச்சி. கண்கலங்காமல் அதைப் பார்ப்பது அரிது. ஆயினும் அது கதை எழுதத் தெரிந்த இருவரின் சமரசம். எழுதப் படிக்க அறியாத பால்மரத் தொழிலாளியின் மனைவியிடம் வந்து மன்னிப்புக் கேட்டவர் யார்? கேட்பதற்கு அவள் எந்த முகவரியில் இருந்தாள்?

வெள்ளையர் தம் துயரைச் சொல்வது குற்றமன்று. தம் பிள்ளைகளுக்காக அவர்கள் அழவேண்டியவர்களே. கூலியைக் காண அவர்களுக்கு வழியிருந்தும் காணவில்லை என்பதே நம் குறை. 1943இல் சாங்கி முகாமிலிருந்து மருத்துவக் கைதிகள் கே, எல் என்னும் இரு குழுக்களாகக் கூலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். மருந்தின்றி, மருத்துவரின்றி, மூங்கில் கொட்டகைகளில் குடும்பம் குடும்பமாகச் செத்துக்கொண்டிருந்தவர்களை அவர்கள் கண்டனர். வெள்ளைக் கைதியும் தமிழ்க் கூலியும் முகத்தோடு முகம் பார்த்த அவ்விடத்தில் ஒரு பெரும்படத்துக்குரிய கதை கிடக்கிறது. பெயர்பெற்ற இவ்விரு படங்களும் அதை நாடவில்லை.

சினிமாவுக்கும் இக்கொடுமைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. நல்ல கூலி, சில மாத வேலை என்ற ஆசை வார்த்தைக்கு ஆள் சேராதபொழுது ஜப்பானியர் கையாண்ட உபாயங்களுள் ஒன்று இலவசப் படக்காட்சி. கொட்டகை நிரம்பியதும் கதவை அடைத்து, உள்ளிருந்த ஆண்களைச் சயாமுக்கு ஏற்றினர் என்று போருக்குப்பின் எழுந்த வரலாறுகள் கூறுகின்றன. சினிமாவைக் காட்டிப் பிடிக்கப்பட்டவனைச் சினிமா மறந்துவிட்டது.

ஆங்கிலேயரைக் குறைகூறிவிட்டு நாம் தப்பிவிட முடியுமா? தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் நமக்கு ஒன்று நன்கு தெரியும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடாமல் ஒருவனும் வேலைக்குப் போவதில்லை. செக்ரோலில் பெயர் ஏறாதவனுக்குச் சம்பளமில்லை. பெயரற்ற கூலி என்று உலகில் ஒருவனும் இருந்ததில்லை. தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று ஜப்பானியர் கேட்டபொழுது பெயர் கொடுக்கும்படி ஏவப்பட்டவர்கள் கிராணிகளும் கங்காணிகளுமே. ஷிண்ட்லரின் பட்டியல் உயிர் காத்தது. தோட்டத்துப் பட்டியல் உயிர் வாங்கியது. இவ்வேறுபாட்டைத் துணிந்து காட்டும் தமிழ்ப் படம் ஒன்று வேண்டும் என்கிறோம்.

எழுத்தாளர் வாளாவிருக்கவில்லை. மலேசியாவில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவல்கள் உள்ளன. உயிர்தப்பி வந்த முதியோரைப் பேசவைத்த தமிழ் ஆவணப்படமும் உண்டு. கூலி வாழ்வைக் காட்டத் தமிழ்ச் சினிமாவுக்கு வலுவில்லை என்றும் சொல்லமுடியாது. 2013இல் வந்த பாலாவின் ‘பரதேசி’ தேயிலைத் தோட்டத்தின் அடிமைத்தளையைக் காதற்பாட்டுக்கு அடகு வைக்காமல் காட்டியது. அப்படியிருக்க, 1946இல் திறந்த மெக்கன்சி சாலை ரெக்ஸ் கொட்டகையிலும் தேக்கா வட்டாரத்திலும் தமிழ்ப் படத்துக்கு வரிசைபிடித்து நின்ற தலைமுறைகளுக்கு, தம் தாத்தாவின் சாவைச் சொல்லும் கதைப்படம் ஒன்று கிடைத்ததா?

அன்று 18 வயதில் லாரி ஏறியவனுக்கு இன்று நூறு வயதைத் தாண்டியிருக்கும். ‘ஷோவா’வைப் போல் பட்டவரையே பேசவைக்கும் காலம் ஏறக்குறையக் கடந்துவிட்டது. பதிவான குரல்கள் மட்டும் எஞ்சியுள்ளன. 1979இல் தோன்றிய சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்று நிலையம், ஜப்பானியர் காலத்தை வாழ்ந்து கண்டோரின் பேச்சைச் சேர்த்து வைத்துள்ளது. படமெடுக்க எண்ணும் இளைஞர்கள் முதலில் போகவேண்டிய இடம் அது.

ஷிண்ட்லர் படத்தின் முடிவில், பிழைத்தவர்கள் அவர் கல்லறை மீது ஒவ்வொரு கல்லாக வைத்துச் செல்கின்றனர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் சுமார் 7,000 வீரர்க்கு வரிசை வரிசையாக இடமுண்டு, கூலிக்கு அவ்வாறில்லை. மலேசியத் தமிழர் முயற்சியால் 2023இல் அவ்வூர்ப் புத்தர் கோயிலொன்றில் நடுகல் எழுந்தது. கல் நட்டாயிற்று. அதில் பொறிக்கவேண்டிய பெயர்களைத் தோட்டம் தோட்டமாகத் தேடித் தருவது படித்தவர் கடமை. அப்பெயர்களுக்கு முகம் தருவது கலைஞர் கடமை. அதுவரை அச்சீழ்க்கைப் பாட்டே சயாம் ரயிலின் குரலாக உலகில் ஒலித்துக்கொண்டிருக்கும்.