நொதியமும் ‘ஊக்கி’ என்னும் சொல்லும்

தமிழில் வெளிவரும் அறிவியல் நூல்கள் பலவும் நொதியத்தை ‘உயிரியல் ஊக்கி’ என வரையறுத்து அவ்வளவில் அமைகின்றன. வரையறை பிழையன்று. ஆயினும் ‘ஊக்கி’ என்னும் சொல், தாக்கத்தைப் பின்னின்று உந்தும் விசையொன்றையே வாசகர் மனத்தில் எழுப்புகின்றது. உண்மையில் நொதியம் தாக்கத்திற்குச் சக்தி எதனையும் வழங்குவதில்லை. தாக்கம் நிகழ்வதற்குக் கடக்கவேண்டிய ஏவற்சக்தித் தடையை அது தாழ்த்துகின்றது. சமநிலையை மாற்றாது, அதனை எய்தும் காலத்தைச் சுருக்குகின்றது. தான் செலவாகாது மீள்கின்றது.

எமில் பிசர் 1894இல் முன்வைத்த ‘பூட்டும் திறப்பும்’ என்ற உவமையும் இத்தகையதே. ஒரு நொதியம் குறித்த பொருளிலேயே தொழிற்படுவதை அது விளக்கும், விரைவினை விளக்காது. பொருள் வந்து பொருந்துகையில் நொதியமும் வடிவம் மாறுமென 1958இல் கோசுலாண்டு கூறியதனையும் சேர்த்தே அவ்வுவமையைக் கற்பித்தல் வேண்டும்.

இக்குறை ஏட்டளவில் நிற்பதன்று. இரணைமடுக் குளத்து நீர் பாயும் உருத்திரபுரத்து வயல்களை நோக்குவோம். அங்கு வீசப்படும் யூரியாவை மண்ணின் நுண்ணுயிர்கள் தரும் யூரியேசு என்னும் நொதியம் அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் சிதைக்கின்றது. நொதியமின்றேல் பல ஆண்டுகள் செல்லும் இத்தாக்கம் வயலிற் சில நாட்களில் முடிகின்றது. பயிருக்கு நைதரசன் கிட்டுவது இவ்விரைவினால். இழப்பு நேர்வதும் இதனாலேயே. தேங்கிய நீர்மேல் வீசிய பசளையிற் கணிசமான பங்கு அமோனியா வாயுவாக வெளியேறும். யூரியாவைப் பகுதி பகுதியாக இட்டு மண்ணுடன் கலக்கவேண்டும் என்னும் அறிவுரையின் அடிப்படை இதுவாகும்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. அதனையொட்டி எழுந்த விவாதம் ‘இயற்கை’, ‘இரசாயனம்’ என்னும் இருமைக்குள்ளேயே பெரிதும் சுழன்றது. உயிர்கள் ஆக்கும் யூரியாவை வோலர் 1828இல் ஆய்வுகூடத்தில் ஆக்கினார். சம்னர் 1926இல் யூரியேசைப் பளிங்காகப் பிரித்து, அது புரதமெனக் காட்டினார். உயிருக்கும் இரசாயனத்துக்குமிடையே எழுப்பப்பட்ட சுவர் இத்தகைய ஆய்வுகளாற் தகர்ந்தது. சாணமும் கூட்டெருவும் மண்ணிற் பயன்தருவதும் நொதியங்கள் அவற்றைச் சிதைப்பதனாலன்றோ?

கலைச்சொல்லை மாற்றுமாறு நாம் கோரவில்லை. அதன் பின்னுள்ள செயன்முறையை, மாணவர் தம் வயலிற் காணும் பொருளைக்கொண்டு விளக்குமாறே கோருகின்றோம். பசளைக் கொள்கையை வினாவும் உரிமை உழவருக்கு உண்டெனில், வினாவுதற்குரிய அறிவும் அவர்தம் மொழியிற் கிட்டுதல் வேண்டும்.