உப்புக் காற்றைத் தாங்கும் மரம், எண்ணூர்க் காற்றைத் தாங்குமா?

டிசம்பர் பிறந்ததும் சென்னை நர்சரிகளில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்ற பெயரில் அரக்கேரியாத் தொட்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. சவுக்குக் கிளையை மணல் வாளியில் நட்டு நட்சத்திரம் தொங்கவிடும் பழக்கம் இருந்த ராயபுரம், காசிமேடு வீடுகளுக்கும் இந்த ஊசியிலை மரம் வந்துவிட்டது. சவுக்குக் கிளை பண்டிகை முடிந்ததும் அடுப்புக்குப் போகும். இதுவோ ஆண்டுக்கணக்கில் வாழவேண்டிய உயிர். துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த பகுதியில் இதை வளர்ப்பது சரிதானா என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அரக்கேரியா என்று விற்கப்படுபவற்றில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. ஒன்று நார்ஃபோக் பைன். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நார்ஃபோக் தீவுதான் அதன் தாயகம். இயற்கைச் சூழலில் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. மற்றொன்று நியூ கலிடோனியாவின் குக் பைன். கேப்டன் குக் 1774இல் இரு இடங்களையும் கண்டார். 1788இல் ஆங்கிலேயர் நார்ஃபோக்கில் குடியேறியதற்கு, இம்மரம் பாய்மரக் கம்பத்துக்கு உதவும் என்ற நம்பிக்கையும் ஒரு காரணம். மரம் அதற்குத் தோதுப்படவில்லை.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடலாம். கடற்காற்றின் உப்பில் பல செடிகள் கருகிப்போகும் மொட்டைமாடிகளில் இது தாக்குப்பிடிக்கும். உலகெங்கும் கடற்கரைச் சாலைகளில் இதை நடுவது அதனால்தான். தொட்டியில் மெதுவாகவே வளரும். இடமில்லாத வீட்டுக்கும் பொருந்தும். சற்று நிழலையும் பொறுத்துக்கொள்ளும்.

அரிய மரத்தை வீட்டில் வளர்ப்பது அதைக் காப்பாற்றும் என்றும் சொல்லப்படுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த வொல்லமி பைன் விஷயத்தில் அது உண்மை. 1994இல் சிட்னிக்கு அருகே கண்டறியப்பட்ட அம்மரத்தில், காட்டில் வளர்ந்து முதிர்ந்தவை நூறுகூட இல்லை. 2005இல் தொடங்கிய கன்று விற்பனை, வருவாயைப் பாதுகாப்புப் பணிக்குக் கொடுத்தது. பல தட்பவெப்பங்களில் வாழும் மாற்று மரங்களையும் உருவாக்கியது. ஆனால் நம் நர்சரி அரக்கேரியா வெறும் வணிகக் கன்று. அதை வாங்குவதால் நார்ஃபோக் தீவின் காட்டுக்கு ஒரு பயனும் இல்லை.

குறைகளில் முதலாவது வெப்பம். நார்ஃபோக் தீவில் கோடைப் பகல்கூட 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சென்னையின் மே மாத இரவே அதைவிடச் சூடு. கன்றை நாம் வாங்குவதோ டிசம்பரில், ஊரே குளிர்ந்திருக்கும் நாட்களில். அப்போது பளிச்சென்று நிற்பதைப் பார்த்து முடிவெடுத்தால் ஏப்ரலில் ஏமாற்றம்தான். நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றைச் சட்டென்று உச்சிவெயிலில் வைத்தால் கருகிவிடும். நமக்கு குக் பைன்தான் ஓரளவு ஏற்றது. அதன் தாயகம் வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது.

இரண்டாவது தண்ணீர். காற்றின் உப்பைத் தாங்குவது வேறு, வேரடியில் தேங்கும் உப்பைத் தாங்குவது வேறு. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுப் பிரச்சினை. உவர்ப்பான போர்த் தண்ணீரையே ஊற்றிவந்தால் மண்தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு பூக்கும். பிறகு கீழடுக்குக் கிளைகளின் நுனி பழுப்பாகும். உதிர்ந்த கீழ்க்கிளை மறுபடி முளைக்காது. குருத்து ஒடிந்தாலும் பழைய வடிவம் திரும்பாது. மற்ற செடியைப்போல வெட்டிவிட்டுத் துளிர்க்கவைக்கலாம் என்ற பேச்சே இங்கே இல்லை.

மூன்றாவதுதான் மிகப் பெரியது: நம் காற்று. சிட்னிக் கடற்கரைகளில் ஓங்கி நின்ற நார்ஃபோக் பைன்கள் 1960, 70களில் பட்டுப்போகத் தொடங்கின. கழிவுநீரோடு கடலில் கலந்த சலவை இரசாயனங்கள் அலைத் திவலையில் ஏறி இலைமேல் படிந்தன. அவற்றால் இலை உப்பை உள்ளே விட்டது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உப்பை மட்டும் சமாளித்துவந்த மரம், உப்போடு மாசும் சேர்ந்தபோது தோற்றுவிட்டது. அனல்மின் நிலையச் சாம்பலைச் சுமக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படர்ந்தது. இந்தக் கரையில் இம்மரத்தின் பழைய உப்புத் தாங்கும் பெயரை அப்படியே நம்ப முடியாது. நெருக்கமான இலைகளில் தூசி படிந்தால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும்.

தொட்டி போதவில்லை என்று சுற்றுச்சுவர் ஓரமாக நிலத்தில் இறக்குவது இன்னும் பெரிய தவறு. தாயகத்தில் 50 மீட்டருக்கு மேல் உயரும் மரம் இது. குக் பைன் எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் சாய்ந்து வளரும் போக்குடையது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கே அது தெற்குப் பக்கம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததைக் கண்ட நாம், மின்கம்பிக்கும் ஓட்டு வீட்டுக்கும் பக்கத்தில் இதை நடக்கூடாது.

என் முடிவு இதுதான். அரக்கேரியாவை வளர்க்கலாம், தொட்டியில் ஒன்று போதும். குருத்து நேராக நிற்கும் கன்றாகப் பார்த்து வாங்குங்கள். மணலும் தொழுஉரமும் கலந்த, நீர் தேங்காத செம்மண் கலவையில் வையுங்கள். காலை வெயில் படட்டும், மே மாத நண்பகல் வெயில் படவேண்டாம். மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றுங்கள். தெருவிலும் பள்ளி வளாகத்திலும் நடுவதற்குக் கடற்கரை மண்ணுக்கே உரிய புன்னையும் பூவரசும் இருக்கின்றன. அந்தத் தொட்டிமரம் பழுப்பேறினால் உரக்கடைக்கு ஓடுமுன் தண்ணீரைச் சோதியுங்கள். தண்ணீர் சரியாக இருந்தால், அதே காற்றைத்தான் உங்கள் வீட்டுக் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்து, காற்றின் தரம் பற்றி அரசிடம் கேள்வி கேளுங்கள்.