ஒப்பந்தப்புள்ளி கோராத வேலைகள்

ஸ்தலஸ்தாபனங்கள் பொதுஜனங்களின் வரிப்பணத்தைக் கொண்டு வீதியோ வாய்க்காலோ அமைக்க முற்படும்போது, பகிரங்கமாக விலை கேட்டு, வந்த உறைகளைப் பலர் முன்னிலையில் பிரித்து, தகுதியுள்ளோரில் குறைந்த விலை சொன்னவருக்கே வேலையைக் கொடுப்பது கிரமம் என்பதில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. அந்தக் கிரமத்தை எந்தச் சந்தர்ப்பத்தில் கைவிடலாம், கைவிட்டவர் யாருக்கு நியாயம் சொல்ல வேண்டும் என்பதிலேதான் இரு தேசங்களின் வழிகளும் பிரிகின்றன.

தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் தனது 16-ஆவது பிரிவில் விலக்குகளை வகுத்திருக்கிறது. இயற்கை உற்பாதமும் நெருக்கடியும் அவற்றுள் சேரும். எனினும் அந்நெருக்கடியை அரசாங்கம் பிரகடனம் செய்திருக்க வேண்டுமேயன்றி, நகராட்சி ஆணையர் தம் கோப்பில் ‘அவசரம்’ என்று எழுதிவிட்டால் போதாது. பொருள் ஓரிடத்தில் மட்டுமே கிடைக்கும் என்பது வேறொரு விலக்கு. இப்படிச் சொல்லிக்கொள்வது யாருக்கும் எளிது என்பதை அறிந்தே, வாங்கும் ஸ்தாபனத்தின் தொழில்நுட்பப் பிரதிநிதி ஒருவரும், அதே வகைப் பொருளை வாங்கும் அரசு ஸ்தாபனத்தின் பிரதிநிதி ஒருவரும், கல்வி அல்லது ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஒருவரும் கூடி ஆராய்ந்து அதை உறுதி செய்ய வேண்டும் என்று சட்டம் விதித்தது. வேலையைக் கொடுக்கும் கை வேறு, காரணத்தைச் சோதிக்கும் கண் வேறு என்று பிரித்த இந்த ஏற்பாட்டையே அச்சட்டத்தின் மிக உயர்ந்த அம்சமாக நான் மதிக்கிறேன். மீரட் மாநகராட்சியின் இறைச்சிக்கூட ஒப்பந்த வழக்கில் 2006-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், பகிரங்க ஏலமே பொதுவிதி என்றும், விலக்கு அபூர்வமான சந்தர்ப்பங்களுக்கே உரியது என்றும் நிலைநாட்டியது.

இலங்கையிலோ இவ்விஷயத்தை நெடுங்காலம் ஆண்டுவந்தவை நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டமல்ல, பெறுகை வழிகாட்டல்களே. நேரடி ஒப்பந்தத்துக்கும் அவசரப் பெறுகைக்கும் அவற்றில் இடமுண்டு. பெறுகைக் குழுவும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவும் உண்டு. ஆனால் மேலிருந்து வழிநடத்த வேண்டிய தேசிய பெறுகை ஆணைக்குழு 2015-இல் 19-ஆம் திருத்தத்தால் பிறந்து, 2020-இல் 20-ஆம் திருத்தத்தால் மறைந்து, 2022-இல் 21-ஆம் திருத்தத்தால் மீண்டது. ஆட்சி மாறுந்தோறும் இவ்வாறு தோன்றியும் மறைந்தும் வரும் காவலை நம்பி, ஒரு பிரதேச சபையின் செயலாளர் தவிசாளரின் விருப்பத்துக்கு எதிராக எவ்வளவு தூரம் உறுதியாக நிற்க முடியும்?

ஆயினும் ஒரு விலக்கில் இலங்கையின் மரபு என் மனத்தைக் கவர்கிறது. கிறவல் வீதிக்குக் குறுக்கே ஒரு சிறு மதகு கட்ட வேண்டுமானால், அவ்வேலையைப் போட்டி விலையின்றிக் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமே ஒப்படைக்க அங்கே வழியுண்டு. கூலி ஊருக்குள்ளேயே தங்குகிறது, சீமெந்துக் கலவையில் மணல் மிகுந்தால் கேட்பதற்கு அவ்வழியே அன்றாடம் நடப்பவரே அருகில் இருக்கிறார். தமிழ்நாட்டின் ‘நமக்கு நாமே’ திட்டமும், ஒப்பந்தக்காரரை அறவே விலக்கிய 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் இதே நோக்கத்தின் வேறு வடிவங்கள்.

இங்கேயும் ஓர் அபாயம் உண்டு. சங்கத்தின் பெயரில் வேலையைப் பெற்று, தனியார் ஒருவர் இயந்திரத்தைக் கொண்டுவந்து முடித்துக் கொடுத்தால், விலக்குக்கு ஆதாரமான நியாயமே அற்றுப்போகிறது. கூலி பெற்றவர்களின் பட்டியலையும், சீமெந்து வாங்கிய பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும், இறுதிப் பட்டியல் பணம் கொடுபடுவதற்கு முன்னரே சபையின் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும் என்று விதித்தால், கணக்காய்வு வரும்வரை காத்திராமல் ஊராரே அதைப் படித்து ஆட்சேபம் தெரிவிப்பார்கள்.